ஆறு நாளில் 92 டிபன் கேரியர்: தீபாவளிப் பரிசு வாங்கப் போய் நான் பட்ட பாடு

2024 அக்டோபர் 17, வியாழக்கிழமை. ஆயுத பூஜை முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. லேத் மெஷின்களின் நெற்றியில் வைத்த சந்தனம் இன்னும் உதிரவில்லை. சாயங்காலம் கணக்கை மூடும் நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். “இந்த வருசம் வெறும் ஸ்வீட் பாக்ஸோட நிறுத்த வேண்டாமுங்க அம்மிணி. ஆளுங்க ஞாபகம் வெச்சுக்கிற மாதிரி ஏதாச்சும் ஒண்ணு சேர்த்துக் குடுங்க. நாப்பதாயிரத்துக்குள்ள முடிச்சுருங்க” என்றார். தீபாவளிக்குச் சரியாக 14 நாள். சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் என் பத்து நாள் தூக்கம் போனது, கம்பெனிப் பணம் 10,800 ரூபாய் போனது. சின்ன கம்பெனிகளில் கணக்கு எழுதுகிறவர், ரிசப்ஷனில் இருக்கிறவர், ஸ்டோர்ஸ் பார்க்கிறவர் என்று யாராவது ஒருவர் தலையில்தான் இந்த வேலை திடீரென்று விழும். யாரும் சொல்லித் தர மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்களுடையது கோவை கணபதிப் பக்கம் பம்புகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுக்கும் சின்ன யூனிட். தனியாக ஹெச்.ஆர். கிடையாது. நான் கணக்கு பார்க்கிறேன், சம்பளப் பட்டியல் போடுகிறேன், பி.எஃப். கட்டுகிறேன். இரும்பு ராடும் கூலன்ட் ஆயிலும் வாங்கிப் பழக்கம் உண்டு. பரிசு வாங்கிப் பழக்கமில்லை.

முதல் தப்பு தலைக்கணக்கிலேயே நடந்தது. முதலாளி மனதில் இருந்தது 78 பேர், அதாவது பி.எஃப். பட்டியலில் இருப்பவர்கள். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் என்று போட்டால் 39,000, அதனால்தான் நாற்பதாயிரம் என்று சொல்லியிருக்கிறார். நானும் அந்த எண்ணோடுதான் அன்று வீட்டுக்குப் போனேன். ராத்திரி படுத்த பிறகுதான் ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. லோடு ஏற்றி இறக்கும் கான்ட்ராக்ட் ஆட்கள் ஐந்து பேர், செக்யூரிட்டி மூன்று பேர், கேண்டீனில் இரண்டு அக்காக்கள், கூட்டிப் பெருக்க இரண்டு பேர், ஐ.டி.ஐ. முடித்து அப்ரன்டிஸ் ஆக வந்திருக்கும் இரண்டு பையன்கள். மொத்தம் 92. ஆளுக்கு 434 ரூபாய்தான் வந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் எல்லோர் கையிலும் ஒரு பை இருக்க, கேட்டில் நிற்கும் பெரியவர் மட்டும் வெறுங்கையோடு சல்யூட் வைத்து அனுப்புவதை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு நல்ல பரிசு வாங்கினாலும் அந்த ஒரு காட்சியில் கெட்டுப்போகும். பொருளை யோசிப்பதற்கு முன்னால் ஆட்களை எண்ணுங்கள். சம்பளப் பட்டியலைப் பார்த்து எண்ணாதீர்கள். காலை எட்டு மணிக்கு கேட்டில் நின்று, உள்ளே வருகிற முகங்களை எண்ணுங்கள்.

மறுநாளே ஆர்டர் கொடுத்துவிட்டேன். அவசரம்தான் காரணம். போனில் தேடினேன், ஸ்டீல் தண்ணீர் பாட்டிலில் கம்பெனிப் பெயர் அச்சடித்துத் தருவதாக வெளிமாநில சப்ளையர் ஒருவர் கிடைத்தார். போட்டோக்கள் பளபளவென்று இருந்தன. பாட்டில் 310 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஒன்றுக்கு 365 ரூபாய் 80 காசு. ஏழு நாளில், 25-ஆம் தேதி, கையில் இருக்கும் என்றார். பாதிப் பணம் முன்னால் போட்டால்தான் மெஷினில் ஏற்றுவோம் என்றார். 16,800 ரூபாயை அன்று மதியமே அனுப்பினேன். அனுப்பியதும் ஒரு பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அந்த நிம்மதிதான் ஆபத்து. அடுத்த நான்கு நாள் நான் அவருக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

22-ஆம் தேதி கேட்டேன், பிரின்டிங் நடக்கிறது என்றார். 23-ஆம் தேதி, மெஷின் ரிப்பேர். 24-ஆம் தேதி மாலை, “தீபாவளி ரஷ் மேடம், நவம்பர் 4-க்கு மேல்தான் பார்சல் போட முடியும்” என்று மெசேஜ் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். உங்கள் கம்பெனிப் பெயர் போட்டு அச்சடித்தாகிவிட்டது, இனி வேறு யாருக்கும் விற்க முடியாது, திருப்பித் தர முடியாது என்றார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

அன்றைக்கே இன்னொரு இடியும் விழுந்தது. எங்களிடம் பீகார்க்காரர்கள் 14 பேர், ஒடிசாக்காரர்கள் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். பீகாரில் தீபாவளியைவிட அதற்கு அடுத்து வரும் சத் பூஜைதான் பெரிது. அந்த வருடம் அது நவம்பர் 7. அதற்காக ஊருக்குப் போகிறவர்கள் 28-ஆம் தேதி ராத்திரி ரயிலுக்கு எப்போதோ டிக்கெட் எடுத்துவிட்டார்கள். ஒடிசாப் பையன்களும் அன்றைக்கே கிளம்புகிறார்கள். லீவு லெட்டர்கள் என் மேஜை டிராயரிலேயேதான் இருந்தன, நான் சேர்த்து யோசிக்கவில்லை. நான் 31-ஆம் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையான கெடு 28. பண்டிகைக்குப் பரிசு கொடுப்பதென்றால் காலண்டரில் சிவப்பாக இருக்கும் தேதியைப் பார்க்காதீர்கள், முதல் ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் தேதியைப் பாருங்கள். அதிலிருந்து இரண்டு நாள் கழித்துக்கொண்டு, அதைத்தான் கடைசி நாள் என்று சப்ளையரிடம் சொல்ல வேண்டும்.

ஸ்டோர்ஸ் ரூமில் போய் உட்கார்ந்து அழுதேன். என் பணம் இல்லை என்பதுதான் அதிகமாக வலித்தது. வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. “மீதி எவ்வளவு இருக்குது?” என்றார். 23,200 என்றேன். “அதுக்குள்ளயே பாருங்க” என்றார். 92 பேருக்கு 23,200. ஆளுக்கு 252 ரூபாய்.

சப்ளையர் விஷயத்தில் நான் இரும்பு ராடு வாங்கும்போது செய்கிற எதையுமே இங்கே செய்யவில்லை என்பதை அப்புறம்தான் உணர்ந்தேன். ராடு வாங்கினால் பர்ச்சேஸ் ஆர்டர் போடுவேன். இதற்கு வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ என்று அனுப்பியிருக்கிறேன். “25-ஆம் தேதிக்குள் வராவிட்டால் ஆர்டர் ரத்து, முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்பட வேண்டும்” என்று ஒரு வரி எழுதி, அவரிடம் சரி என்று பதில் வாங்கியிருந்தால் பேசுவதற்கு ஒரு பிடி இருந்திருக்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் லாக்இன் இல்லாமலேயே யாருடைய ஜி.எஸ்.டி. எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். எப்போது பதிவு செய்தார்கள், பதிவு உயிரோடு இருக்கிறதா, ரிட்டர்ன் ஒழுங்காகப் போடுகிறார்களா என்று தெரியும். இரண்டு நிமிட வேலை. பணம் போன பிறகுதான் பார்த்தேன். நாலு மாதமாக ரிட்டர்ன் போடாத ஆள். இப்போது நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு ஒன்றுதான். பத்து பன்னிரண்டு நாள் கெடு என்றால், பஸ் ஏறிப் போய் நேரில் சண்டை போட்டுவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கும் கடையில் மட்டும்தான் முன்பணம் கொடுப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு இறங்கவில்லை. கேண்டீன் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னவென்று கேட்டார், சொன்னேன். “பாட்டிலு எதுக்கு கண்ணு? ஆளுக்கு ரெண்டு மூணு வெச்சிருக்காங்க. சோறு கொண்டாறதுக்குத்தான் ஒழுங்கா ஏனம் இல்ல. சோத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, குழம்புக்கு ஜாம் பாட்டிலு. அந்தப் பேச்சிலர் பசங்க மெஸ்ஸுல இருந்து சுடச்சுடப் பருப்ப பாலித்தீன் கவருல வாங்கிட்டு வர்றாங்க” என்றார். தினமும் பன்னிரண்டே முக்காலுக்கு 92 பேரின் சாப்பாட்டையும் கண்ணால் பார்க்கிறவர் அவர். எட்டு நாளாக நான் போனைத் துழாவிக் கண்டுபிடிக்காத விஷயத்தை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். என்ன வாங்குவது என்று தெரியாவிட்டால் இணையத்தில் தேடுவதற்கு முன் அலுவலகத்தில் யார் எல்லோரையும் பார்க்கிறார்களோ, டீ கொண்டுவருபவரோ, செக்யூரிட்டியோ, அவரிடம் கேளுங்கள். காசு செலவில்லாத ஆலோசனை.

ராத்திரி வீட்டில் பரணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் சம்படம் ஒன்று அங்கே இருக்கிறது. மூடியில் புள்ளி புள்ளியாக ‘அன்பளிப்பு’ என்று போட்டு, கொடுத்தவர் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். அதைக் கொடுத்த பெரியப்பா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் மிளகாய்த்தூள் எடுக்கிற ஒவ்வொரு முறையும் அம்மா அவர் பெயரைத் தொடுகிறாள். நம் வீடுகளில் பெயர் வெட்டிய பாத்திரத்தை யாரும் தூக்கிப் போடுவதில்லை, எடைக்குப் போடும்போதுகூட ஒரு நிமிடம் யோசிப்போம். டிபன் கேரியர், அதில் பெயர். ஆனால் கொடுப்பவர் பெயர் வேண்டாம், வாங்குகிறவர் பெயர். அந்த பாட்டிலில் கம்பெனிப் பெயர் போடச் சொன்னேனே, அதை யார் பொக்கிஷமாக வைத்திருப்பார்கள்? அது எங்களுக்கு விளம்பரம், அவர்களுக்கு ஒரு பாட்டில், அவ்வளவுதான். முதலாளி முதலில் தயங்கினார். “அடியில சின்னதாவாச்சும் நம்ம பேரு இருக்கட்டுமே” என்றார். வேண்டாம் சார், கொடுத்தது யாரென்று அவர்களுக்குத் தெரியும் என்றேன். சரி, உங்க இஷ்டம் என்றுவிட்டார்.

சனிக்கிழமை காலை நானும் ஸ்டோர்ஸ் அண்ணாவும் கம்பெனி டெம்போவில் திருப்பூர் அனுப்பர்பாளையம் கிளம்பினோம். திருப்பூர் என்றால் எல்லோருக்கும் பனியன்தான் நினைவுக்கு வரும். அவிநாசி ரோட்டுப் பக்கம் இருக்கும் அனுப்பர்பாளையமும் சுற்றுவட்டாரமும் பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன இடம். பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று பட்டறைகள். தெருவில் இறங்கினதுமே சுத்தியல் சத்தம் கேட்கும். கோவையில் பாத்திரக் கடைகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஒப்பணக்கார வீதிக்குள் டெம்போவோடு நுழைய முடியாது, மொத்த விலையும் கிடைக்காது.

எவர்சில்வர் வாங்குவதில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் உண்டு. மொத்தத்தில் எடைக்கணக்குதான். எண்ணிக்கைக்கு விலை சொன்னால், எடை போட்டுக் கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். கடைக்காரர்கள் 202, 304 என்று இரண்டு எண் சொல்வார்கள். 304-இல் நிக்கல் அதிகம், துருவைத் தாங்கும், விலையும் அதிகம். 202-இல் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம், விலை குறைவு. காந்தம் ஒட்டவில்லையென்றால் 304 என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனையை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. நம்பிக்கையான கடையில், பில்லில் கிரேடு எழுதி வாங்குவதுதான் வழி. 252 ரூபாய்க்கு 304 கிடைக்காது. 202 என்று தெரிந்தே வாங்கினேன். புளிக்குழம்பை ராத்திரி முழுக்க அதில் வைக்காமல் கழுவி வைத்தால் நன்றாகவே உழைக்கும், அதைக் கொடுக்கும்போது எல்லோரிடமும் சொல்லவும் செய்தேன்.

முதல் கடையில் இரண்டு அடுக்கு கேரியர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. ஸ்டோர்ஸ் அண்ணா வாங்கி, அடுக்கின் விளிம்பில் கட்டைவிரலை ஒரு சுற்று ஓட்டினார். முக்கால் வட்டம் வந்ததும் விரலை நிறுத்தி என்னிடம் நீட்டினார். “பர் இருக்குது பாருங்க. நம்ம பசங்க கைக்குப் போனதும் மொதல்ல இதத்தான் தடவிப் பாப்பானுங்க.” இருபது வருடமாக, கடைந்து வந்த ஷாஃப்டை விரலால் தடவிப் பிசிறு பார்க்கும் கை அது. அவர் சொன்னது முழுக்க உண்மை. எங்கள் ஆட்கள் இரும்பு தெரிந்தவர்கள். அவர்களுக்கு இரும்புப் பொருள் கொடுக்கும்போது ஏமாற்ற முடியாது, ஏமாற்றவும் கூடாது. மூன்றாவது கடையில்தான் அவர் தலையாட்டினார். விளிம்பு மடித்து உருட்டியிருந்தது, பக்கவாட்டுக் கிளிப் மூன்று முறை போட்டு எடுத்தும் தளரவில்லை. கேரியர் ஒன்று 460 கிராம், கிலோ 360 ரூபாய். 95 எடுத்தோம், 43 கிலோ 700 கிராம். 15,732 ரூபாய், அப்போது எவர்சில்வர் பாத்திரத்துக்கு 12 சதவீத ஜி.எஸ்.டி., சேர்த்து 17,620.

92 பேருக்கு ஏன் 95 என்று கடைக்காரரே கேட்டார். மூன்று கூடுதலாக இருக்கட்டும் என்று மனசு சொன்னது. அந்த ஒரு முடிவு மட்டும் அந்தப் பத்து நாளில் நான் யோசித்துச் செய்த நல்ல விஷயம்.

அங்கேயே பெயர் வெட்டித் தரச் சொன்னால், விட்டுவிட்டுப் போங்கள், மூன்று நாள் ஆகும் என்றார்கள். எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை. டெம்போவில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். எங்கள் வீட்டுப் பக்கம் சின்ன பாத்திரக்கடை ஒன்று உண்டு, கடைக்காரப் பெரியவரே பெயரும் வெட்டுவார். பெயருக்கு 15 ரூபாய் என்றவர், 92 பெயர் என்றதும் பத்து ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். ஞாயிறு மதியத்துக்கு மேல் வரச் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலமே பெயர்ப் பட்டியல் எடுத்தேன். நேரம் கிடைத்தால் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். சம்பளப் பட்டியலில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் எழுதும்போது அது ‘ள’வா ‘ழ’வா, ‘ன’வா ‘ண’வா என்பது எனக்குத் தெரியாது. மூன்று செல்வராஜ் இருக்கிறார்கள், இனிஷியல் வேண்டும். பட்டியலில் ஒரு பெயர், ஊரே கூப்பிடுவது வேறு பெயர் என்று நாலைந்து பேர். அதனால் துண்டுச் சீட்டு கொடுத்து, “உங்க பேரை உங்களுக்குப் பிடிச்ச மாதிரி, நீங்களே எழுதிக் குடுங்க” என்று மட்டும் கேட்டேன், எதற்கென்று சொல்லவில்லை. பீகார்ப் பையன்கள் இந்தியில் எழுதினார்கள். ஒடிசாப் பையன்களில் ஒருவன் எந்த எழுத்தில் என்று சைகையிலேயே கேட்டான். உன் எழுத்தில் என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, மேஜையில் குனிந்து மெதுவாக எழுதினான். கேண்டீன் அக்காவுக்கு மட்டும் என்ன விஷயம் என்று தெரியும். சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றார். “எங்க வீட்டு ஏனத்துல எல்லாம் மாமனார் பேரு, இல்லாட்டி வீட்டுக்காரர் பேரு. எம்பேரு ஒரு டம்ளர்லகூட இல்ல கண்ணு. இதுல எம்பேர மட்டும் போடலாமா?” என்றார். போடலாம் அக்கா என்றேன். இனிஷியல் இல்லாமல் வெறும் பெயரை எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு ஆரம்பித்து ராத்திரி ஒன்பதரை வரைக்கும் பெரியவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மூடியை மடியில் கவிழ்த்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். பேனா மாதிரி இருக்கும் அந்தச் சின்ன மெஷினைத் தொட்டதும் ‘டிர்ர்ர்’ என்று அதிர்கிறது. கோடு வரைவதில்லை, ஊசி குத்திக் குத்தித்தான் எழுத்தாகிறது. வளைவு வரும்போது மெஷினைத் திருப்பாமல் மூடியைத் திருப்புகிறார். புள்ளி வைக்கும்போது மட்டும் ஒரு கணம் நிறுத்தி, ஒரே ஒரு குத்து. பெயரை முடித்ததும் கட்டைவிரலால் பொடியைத் துடைத்துவிட்டு வாய்விட்டுப் படிக்கிறார். நான் சீட்டைப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அடுத்தது. நடுவில் கடைக்கு ஆள் வந்தால் எழுந்து போய் வியாபாரம் பார்த்துவிட்டு வருவார். இந்திப் பெயர்களைப் படம் வரைவது போல அப்படியே பார்த்து வெட்டினார். ஒடியா எழுத்து வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “இது நம்ம எழுத்து மாதிரியே வளைஞ்சு வளைஞ்சு இருக்குதே” என்று சந்தோஷப்பட்டார். ஐம்பதாவது பெயருக்கு மேல் இருவருக்குமே களைப்பு. நான் ‘பழனிச்சாமி’யைச் சரியாகச் சொன்னேன், அவர் ‘பளனிச்சாமி’ என்று வெட்டிவிட்டார். எடுத்து வைத்த கூடுதல் மூன்றில் ஒன்று அங்கே போனது. பெயர் போடும் எந்தப் பரிசாக இருந்தாலும் இரண்டு மூன்று உபரி இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தால், அந்த ஆளைப் பொறுத்தவரை அது அவருக்கு வந்த பரிசே இல்லை.

அடுத்தது கழுவும் வேலை. இதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. புதுப் பாத்திரத்தில் பாலிஷ் போட்ட மசி இருக்கும், வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பாக வரும். பெயர் வெட்டிய பொடி வேறு. அதில் பலகாரம் வைக்கப் போகிறோம். திங்கட்கிழமை காலை ரயிலுக்குப் போகிறவர்களின் 19 கேரியரை மட்டும் முதலில் எடுத்து, கேண்டீன் அக்காக்களும் நானும் வெந்நீரில் புளி போட்டுத் தேய்த்தோம். ஐப்பசி மழை, வெயிலே இல்லை. கம்ப்ரசர் காற்றில் உலர்த்திவிடலாமா என்று கேட்டேன். “ஐயோ, அந்தக் காத்துல எண்ணெய் வருமுங்க” என்று ஸ்டோர்ஸ் அண்ணா தடுத்துவிட்டார். பழைய வேட்டித் துணியைக் கிழித்துத் துடைத்தோம். 92 கேரியர், இரண்டு அடுக்கு, ஒரு மூடி. மொத்தத்தில் மூன்று பேருக்கு ஒரு முழு நாள் வேலை. உங்கள் திட்டத்தில் பொருள் வந்து சேரும் நாளுக்கும் கொடுக்கும் நாளுக்கும் நடுவில் ஒரு வெறும் நாள் இருக்கட்டும், இப்படி ஏதாவது ஒரு வேலை அதை நிரப்ப வரும்.

பலகாரம் ஏன் வைத்தோம் என்றால், நம் வழக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாகக் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதுகூட ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். எங்கள் ஏரியாவில் பலகாரம் செய்யும் மகளிர் சுய உதவிக் குழு இருக்கிறது. அதிரசம் பத்து ரூபாய், கை முறுக்கு ஐந்து ரூபாய். கீழ் அடுக்கில் வாழையிலை வெட்டிப் போட்டு இரண்டு அதிரசம், மேல் அடுக்கில் ஐந்து முறுக்கு. ஆளுக்கு 45 ரூபாய், 92 பேருக்கு 4,140. இரண்டும் நாலைந்து நாள் கெடாது, ரயிலிலும் தாங்கும். இதனால் அட்டைப்பெட்டி, பேக்கிங், ரிப்பன் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கேரியரே பெட்டி. பெயர் வெட்ட 920, டெம்போ டீசலும் பார்க்கிங்கும் 500. எல்லாம் போக 20 ரூபாய் மீந்தது.

திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு 19 பேரையும் கேண்டீனில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முதலாளி கையால் கொடுத்தார். ஒடிசாப் பையன் மூடியைப் பார்த்தான். கையை எடுக்காமல் எழுத்தின் மேல் விரலை ஓட்டினான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் போட்டோ பிடித்து, அங்கேயே நின்றபடி யாருக்கோ அனுப்பினான். ஸ்டோர்ஸ் அண்ணா சொன்ன மாதிரியே, பீகார்க்காரர்களில் மூத்தவர் முதலில் அடுக்கின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். நான் மூச்சு விட்டேன்.

30-ஆம் தேதி மற்றவர்களுக்குக் கொடுத்தோம். அப்போதுதான் வாரத்துக்கு இரண்டு நாள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வரும் தாத்தா ஓரமாக நிற்பதைப் பார்த்தேன். 92-லும் அவர் இல்லை. கேட்டில் நின்று எண்ணியிருந்தால் விட்டிருக்க மாட்டேன். இருந்த இரண்டு கூடுதலில் ஒன்றை எடுத்து, எங்களுக்கு வைத்திருந்த முறுக்கைப் போட்டுக் கொடுத்தேன். பெயர் இல்லாத மூடி. தீபாவளி முடிந்து கடை திறந்த அன்றைக்கே வாங்கிப் போய் வெட்டிக் கொடுத்துவிட்டேன், ஆனாலும் அந்த நாள் அவர் மூடியைத் திருப்பிப் பார்த்தது இன்னும் உறுத்துகிறது.

கணக்குப் பார்க்கிறவர்களுக்காக நாலு வார்த்தை. பரிசாகக் கொடுக்கும் பொருளுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை இன்புட் கிரெடிட்டாக, அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுக்க முடியாது, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவில் தடை இருக்கிறது. ஆகவே வரியும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். 2024-இல் இருந்த விதிப்படி, ஊழியருக்கு வருடத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைவான மதிப்பில் பொருளாகக் கொடுக்கும் பரிசுக்கு வருமான வரி இல்லை, பணமாகக் கொடுத்தால் அது சம்பளத்தில் சேரும். இன்னொன்று, போனஸையும் பரிசையும் ஒரே மூச்சில் கொடுக்காதீர்கள். போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், தொழிலாளியின் உரிமை. நாங்கள் போனஸை 21-ஆம் தேதியே கணக்கில் போட்டுவிட்டோம். அது வராமல் கேரியரை நீட்டியிருந்தால் யாருக்கும் பெயரைப் படிக்க மனசு வந்திருக்காது.

அந்த பாட்டில் சப்ளையரிடமிருந்து 6,000 ரூபாய் ஜனவரியில் வந்தது, நாற்பது போனுக்குப் பிறகு. மீதி 10,800 வரவே இல்லை. பாட்டிலும் வரவில்லை. அந்த எண்ணைக் கணக்கில் ‘வராக்கடன்’ என்று எழுதிய அன்று கை நடுங்கியது.

2025-இல் தீபாவளி அக்டோபர் 20. அந்த முறை ஆடியிலேயே முதலாளியிடம் போய்ப் பேசி, பட்ஜெட்டை எழுத்தில் வாங்கிக்கொண்டேன். ஆடியில் கல்யாணம் இல்லை, கடைகள் காலியாக இருக்கும், தள்ளுபடியும் உண்டு, கடைக்காரர் நின்று பேசுவார். சென்னிமலைப் போர்வை எடுத்தோம், நேரில் போய், தொட்டுப் பார்த்து, ஐப்பசிக் குளிருக்கு முன்பே கையில் கொடுத்தோம்.

கடைசியாக மிஞ்சிய ஒரு கேரியர் மூன்று மாதம் என் மேஜைக்குக் கீழேயே இருந்தது. 2025 பொங்கல் முடிந்ததும் சி.என்.சி. செக்‌ஷனுக்கு விருதுநகர்ப் பையன் ஒருவன் சேர்ந்தான். முதல் நாள் மதியம் எல்லோரும் கேரியரைப் பிரித்து உட்கார்ந்திருக்க, அவன் மெஸ் பார்சலைப் பிரித்துக்கொண்டே ஒவ்வொரு மூடியாகப் படித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அவனிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, உன் பேரை உனக்குப் பிடிச்ச மாதிரி எழுதிக் குடு தம்பி என்றேன்.